அக்கா, அந்த டப்பாவ எறிஞ்சிடாத

அன்புள்ள அக்காவுக்கு,

மாமா, பாப்பா எல்லாரும் சௌக்கியமா? போகிக்கு பரண் சுத்தம் பண்றோம், உன் ஓட்டை ஒடசல் டப்பாவையும் எறிஞ்சிடட்டுமான்னு வாய்ஸ் நோட் போட்டிருந்தியே, அதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன், பொறுமையா படி.

இங்க ஜெர்மன்காரங்க அந்த மாதிரி சாமானத்துக்கு கிரிம்ஸ்கிராம்ஸ்னு சொல்றாங்க, கேக்கறப்பவே டப்பாவ குலுக்கற மாதிரி இல்ல? ஒத்த சாவி, தீந்துபோன பேனா, எதுல இருந்து கழண்டுச்சுன்னே தெரியாத ஸ்க்ரூ எல்லாம் இதுல அடக்கம், இதுக்குன்னே சமையல்கட்டுல ஒரு டிராயர் வெச்சிருக்காங்க. பிள்ளைங்கள அதட்டறதும் இதே வார்த்தையிலதான், "மேசை மேல இருக்கற கிரிம்ஸ்கிராம்ஸ எடு"ன்னு, அப்படியே நம்ம அம்மா டோன். சின்ன கிஃப்ட்டு, லேசா எதாச்சும் சாப்பிடறதுன்னா அது வேற, அதுக்கு கிளைனிக்கைட். யாராச்சும் வீட்டுக்கு கூப்பிட்டா ஒரு கிளைனிக்கைட்டாவது கொண்டு போகணும், வெறுங்கைய வீசிட்டு போனா நல்லாருக்காது. நான் நீ குடுத்த ஏற்காடு மிளகதான் கொண்டு போனேன், அந்த வீட்டம்மா நின்ன எடத்துலயே பிரிச்சு மோந்து பாத்துட்டு ரெண்டு தும்மல் போட்டாங்க, அப்புறம் ஒரே சிரிப்பு.

ஆனா ஒண்ணு, இவங்க எதையும் லேசுல குப்பைக்கு விடமாட்டாங்க. வேண்டாத கப்பு, புக்கு, பொம்மைய அட்டைப்பெட்டில போட்டு, சும்மா எடுத்துக்கங்கன்னு எழுதி வாசல்ல வெச்சிடறாங்க. காலி தண்ணி பாட்டில் பிளாஸ்டிக்கா இருந்தா, கடை மிஷின்ல போட்டா பெரும்பாலும் 25 சென்ட், கண்ணாடி பீர் பாட்டிலுக்கு 8 சென்ட் (வாங்கறப்பவே நம்மகிட்ட புடிச்ச டெபாசிட்தான், இனாம் கெடையாது). நம்ம பழைய பேப்பர்காரர் தராசுல வெரல் வெக்கற வேலையெல்லாம் மிஷின்கிட்ட நடக்காது.

சரி மேட்டருக்கு வரேன். ஜாமெட்ரி பாக்ஸ், சார்ஜர், கிரீட்டிங் கார்டு எல்லாத்தையும் தாராளமா தூக்கிப் போட்டுடு. அடியில ஒரு குட்டி பிலிம் டப்பால கொலுசு முத்து கெடக்கும், அத மட்டும் எடுத்து வை. அப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில, பத்தவெச்சது ஒழுங்கா ஒட்டலன்னு ஒதுக்கி, பொறவு உருக்க மனசு வராம எங்கிட்ட குடுத்தது. இப்ப வெள்ளி விக்கற வெலைக்கு மாமா கண்ணுல காட்டிறாத, சும்மா சொல்றேன், கோச்சுக்கப் போறாரு.

மாமா பெங்களூர் போறப்ப என் ஃப்ரெண்டுகிட்ட குடுத்து விடச் சொல்லு. கூடவே தட்டுவடை ரெண்டு பாக்கெட், நொறுங்காம கட்டு. ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல வெச்சு செட்டு போட கேரட், பீட்ரூட் எல்லாம் இங்கயே கெடைக்குது.

உன் தம்பி