ஒன்பதரை மணி மாத்திரையை ஒன்பதரைக்கே கொடுங்கள்

அன்புள்ள வார்டு செவிலியர்களுக்கும் டியூட்டி டாக்டர்களுக்கும்,

வணக்கம். நரம்பியல் வார்டில் இருப்பவர்களுக்கு இந்த மடல் தேவைப்படாது. எலும்பு முறிவு, சர்ஜரி, பொது மருத்துவம், ஐசியூ என்று மற்ற இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்குத்தான் எழுதுகிறேன். பார்க்கின்சன் நோயாளிகள் உங்களிடமும் வந்து சேர்கிறார்கள். தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வருவார்கள், சிறுநீரில் தொற்று என்று வருவார்கள், சாப்பாடு புரையேறி நிமோனியாவோடு வருவார்கள். கேஸ் ஷீட்டில் சர்க்கரை, பிரஷருக்கு அடுத்து ஒரு ஓரமாக 'பார்க்கின்சன்' என்றிருக்கும். அந்த ஓரச் சொல்லுக்காக ஒரு கோரிக்கை: வீட்டில் எந்த மணிக்கு மாத்திரை சாப்பிடுகிறார்களோ, வார்டிலும் அதே மணிக்குக் கொடுங்கள்.

என் அப்பாவுக்குக் காலை 6, 9.30, மதியம் 1, மாலை 4.30, இரவு 8 என்று ஐந்து வேளை சின்டோபா, பார்க்கின்சனுக்கான மாத்திரை. நரம்பியல் டாக்டர் வருஷக்கணக்கில் கூட்டிக் குறைத்துப் பார்த்து அமைத்துக் கொடுத்த கணக்கு அது. இடுப்பு ஆபரேஷனுக்குச் சேர்த்தபோது ஷீட்டில் 'மூன்று வேளை' என்று ஏறிவிட்டது. மருந்து வண்டி காலை எட்டுக்கு வரும், அப்புறம் மதியம் இரண்டுக்குத்தான். பன்னிரண்டு மணிக்கு அப்பாவைப் பார்க்கச் சகிக்கவில்லை. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தது. காலையில் ஊட்டிய இட்லியில் ஒரு துண்டு இன்னும் கன்னத்துக்குள் ஒதுங்கியிருந்தது, கடைவாயில் எச்சில் வழிந்தது. கேட்டதற்குப் பதில் சொல்ல உதடு அசைந்தது, குரல் வரவில்லை. நடக்க வைக்க வந்த பிசியோதெரபி தம்பி, "தாத்தா ஒத்துழைக்கவே மாட்டேங்கிறார்" என்று சொல்லிவிட்டு, ஷீட்டிலும் அப்படியே எழுதிவிட்டுப் போனார். இரண்டு மணி மாத்திரை உள்ளே போய் முக்கால் மணி நேரம் கழித்து, அதே தாத்தா தானாகக் காலை மடக்கி உட்கார்ந்து, "காபி கிடைக்குமா?" என்று கேட்டார்.

நடுமூளையில் கருமையாக ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. உடம்பின் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் டோபமைனைத் தயாரித்து மூளையின் உள்பகுதிகளுக்கு அனுப்புவது அங்குள்ள நரம்பணுக்கள்தான். பார்க்கின்சனில் அவை ஒவ்வொன்றாக மடிகின்றன. ஆல்ஃபா சைனூக்ளீன் என்ற புரதம் அவற்றுக்குள் கட்டிகட்டியாகத் தேங்குகிறது. கை நடுக்கம் வெளியே தெரியும்போதே அந்த அணுக்களில் பாதியளவு போயிருக்கும். வாசனை தெரியாமல் போவதும், தீராத மலச்சிக்கலும், தூக்கத்தில் கனவோடு சேர்ந்து கைகாலை உதறுவதும் பலருக்கு அதற்கும் பல வருஷம் முன்னாலேயே தொடங்கிவிடுகின்றன.

டோபமைனை நேரடியாகக் கொடுத்தால் அது மூளைக்குள் நுழையாது. அதனால்தான் சின்டோபாவில் லெவோடோபா இருக்கிறது. அது உள்ளே போய் டோபமைனாக மாறும். வழியிலேயே, ரத்தத்தில் மாறிவிடாமல் இருக்க மாத்திரையில் கார்பிடோபாவும் சேர்ந்திருக்கிறது. நோயின் ஆரம்பத்தில் மிச்சமிருக்கும் அணுக்கள் இதை வாங்கிச் சேமித்து, கொஞ்சம் கொஞ்சமாக விடும். மாடியில் தண்ணீர்த் தொட்டி உள்ள வீட்டில் மோட்டார் எந்நேரம் ஓடினாலும் குழாயில் தண்ணீர் வருவதுபோலத்தான். நோய் முற்றினால் தொட்டி போய்விடும், மோட்டார் ஓடும்போது மட்டும்தான் தண்ணீர். லெவோடோபா ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் ஒன்றரை மணி நேரமே ஆகும். மற்ற மாத்திரைகளுக்கு ஒரு மணி நேரம் முன்பின் ஆனால் பெரிதாக ஒன்றுமில்லை. இவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் என்பது எழுந்து கழிவறைக்குப் போவதா, படுக்கையிலேயே நனைப்பதா என்ற வித்தியாசம்.

1961-ல் வியன்னாவில் ஹோர்னிகீவிச்சும் பிர்க்மாயரும் முதன்முதலாக லெவோடோபா ஊசி போட்டபோதே இது தெரிந்துவிட்டது. படுத்த படுக்கையாக இருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள், மருந்தின் வேகம் தீர்ந்ததும் பழைய நிலைக்கே திரும்பினார்கள். இன்றைக்கும் இந்த நோய்க்கு முதன்மையான மருந்து அதுதான். இங்கிலாந்தில், மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு லெவோடோபாவைக் குறித்த நேரத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று தேசியத் தர வழிகாட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆபரேஷன் நாளன்று வெறும் வயிறு என்பதால் இந்த மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிடுவது ஆபத்து. திடீரென்று நின்றால் கடும் காய்ச்சல், விறைப்பு, நினைவுக் குழப்பம் என்று போய் உயிருக்கே கேடாகலாம். ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கலாமா என்று மயக்க மருந்து டாக்டரிடம் முந்தின நாளே கேட்டு வைத்துவிடுங்கள். மூக்கில் டியூப் போட்டிருந்தால் சாதாரண மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கலாம். மெதுவாகக் கரையும் சிஆர் வகையைப் பொடிக்கக் கூடாது, அதற்குப் பதில் என்ன அளவு என்று நரம்பியல் டாக்டரைக் கேளுங்கள்.

வாந்தி என்றதும் கை தானாகப் பெரினார்ம் பக்கம் போகும். அதிலுள்ள மெட்டோகுளோபிரமைடு மூளைக்குள் டோபமைன் வேலை செய்யும் இடத்தையே அடைத்துவிடும். வாந்திக்கே போடும் ஸ்டெமெட்டிலும் அப்படித்தான். பொதுவாக ஆன்டான்செட்ரான் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. ராத்திரி புலம்புகிறார் என்று மனநோய்க்கான ஹாலோபெரிடால் மருந்தைப் போடுவது இதைவிட மோசம். தொற்று இருக்கிறதா, சிறுநீர் அடைத்திருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா என்று தயவுசெய்து முதலில் பாருங்கள். அதற்கு மேலும் மருந்து வேண்டுமென்றால் நரம்பியல் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும். புரதப் பவுடர் கலந்த பாலோடு சேர்த்துக் கொடுத்தால் மருந்து சரியாக ஏறாது. ஆபரேஷனுக்குப் பின் எழுதும் இரும்புச்சத்து மாத்திரையையும் தள்ளி வையுங்கள். சிலருக்கு மூளையில் மின்முனை பொருத்தி, காறை எலும்புக்குக் கீழே பேட்டரி வைத்திருப்பார்கள். அவர்களுக்கு பிசியோதெரபியில் உடம்புக்குள் சூடேற்றும் டயாதெர்மி சிகிச்சை கூடவே கூடாது. எம்ஆர்ஐ எடுப்பதற்கு முன்பும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ராத்திரி டியூட்டியில் ஒரே சிஸ்டர் முழு வார்டையும் ஓடி ஓடிப் பார்ப்பதை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். ஒருவருக்காக மட்டும் மருந்து வண்டியை ஐந்து தடவை தள்ளி வாருங்கள் என்று கேட்க எனக்கு மனமில்லை. அட்மிஷன் போடும்போது 'மூன்று வேளை', 'ஐந்து வேளை' என்று எழுதாமல் மணியை எழுதுங்கள். வீட்டு மாத்திரையை வாங்கி உள்ளே வைத்துவிடாமல், கூட இருக்கும் எங்களிடமே விட்டுவையுங்கள். ஒவ்வொரு வேளையும் கொடுத்த நேரத்தைக் குறித்து நாங்கள் காட்டுகிறோம், நீங்கள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும்.

நன்றியுடன்,
பார்க்கின்சன் நோயாளி ஒருவரின் மகள்