தலையாட்டவா சேர்ந்தது திமோர்-லெஸ்டே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் தலையங்கத்தில், "ஆசியானில் திமோர்-லெஸ்டேக்கு 11-ஆவது நாற்காலி கிடைத்துவிட்டது, இனி ஆண்டுக்கு இருமுறை போய்த் தலையாட்டிவிட்டு வரலாம்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் சேர 2011 மார்ச்சில் விண்ணப்பித்து, 2022 நவம்பரில் கொள்கையளவில் ஒப்புதல் பெற்று, 2025 அக்டோபர் 26-இல் கோலாலம்பூரில் உள்ளே வந்த நாடு அது. தலையாட்டுவதற்கா ஒரு நாடு 14 ஆண்டு வாசலில் நிற்கும்?

ஆசியானில் வாக்கெடுப்பே கிடையாது, கருத்தொற்றுமைதான் என்பது தாங்கள் அறியாததல்ல. அறிந்திருந்தும் போன ஆண்டுக் கட்டுரையொன்றில் "பெரும்பான்மை வாக்கில் சேர்க்கப்படும்" என்று அச்சிட்டீர்கள். நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் இன்றுவரை இல்லை. 2023 ஆகஸ்டில் மியான்மர் ராணுவ அரசு, எதிரணியினரோடு தொடர்பு வைத்ததற்காகத் திமோரின் தூதரகப் பொறுப்பாளரை வெளியேற்றியது. உறுப்பு நாடான அந்த மியான்மரும் தடை சொல்லாமல் இருந்ததால்தான் கதவு திறந்தது. பெரும்பான்மையாம்!

காசு விஷயத்துக்கு வருகிறேன். ஆசியான் சாசனத்தின் 30-ஆவது பிரிவுப்படி, ஜகார்த்தாவிலுள்ள அதன் செயலகத்தின் நடைமுறைச் செலவுக்கு உறுப்பு நாடுகள் எல்லாம் சம பங்கு தர வேண்டும். சுமார் 28 கோடிப் பேர் வாழும் இந்தோனேசியாவுக்கு என்ன தொகையோ, அதேதான் சுமார் 14 லட்சம் பேர் உள்ள திமோருக்கும். ஓசியில் கிடைத்த நாற்காலி இல்லை ஐயா அது.

அடுத்தது, "ஜகார்த்தாவிலுள்ள தூதரே ஆசியானையும் கவனித்துக்கொள்வார்" என்று முன்பு நீங்கள் போட்ட படக்குறிப்பு. இந்தோனேசியாவுக்கான தூதருக்குத் தலைக்குமேல் வேலை. விசா, பத்துகடே எல்லைச் சாவடி, மூன்று புறம் இந்தோனேசிய நிலத்தால் சூழப்பட்ட திமோர் பகுதியான ஒய்குசிக்குப் போய்வரும் வழி என்று இரு நாட்டுப் பிரச்சினைகள் எல்லாம் அவர் மேசைக்கு வரும். ஆசியானுக்கோ சாசனத்தின் 12-ஆவது பிரிவுப்படி தூதர் நிலையிலான நிரந்தரப் பிரதிநிதி ஒருவரை அதே ஊரில் அமர்த்த வேண்டும். அவர் மற்ற நாடுகளின் பிரதிநிதிகளோடு ஒரு குழுவாகக் கூடுவார். செயலகத்தோடும் திமோரின் தலைநகர் டிலியில் ஆசியான் வேலைகளைக் கவனிக்கும் தேசியச் செயலகத்தோடும் தொடர்பைக் கவனிப்பார்.

உண்மையான சிக்கல் இந்த இடத்தில்தான். ஆசியானின் கூட்டங்கள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல். ஒரு வரைவு முதலில் அதிகாரிகள் குழுவுக்கு வரும். பிறகு மூத்த அதிகாரிகள், அமைச்சர்கள், கடைசியில் உச்சி மாநாடு. கீழ்ப்படியில் திமோர் அதிகாரி வராவிட்டாலோ, வந்தும் வாய் திறக்காவிட்டாலோ, மறுப்பு இல்லை என்றே எடுத்துக்கொள்ளப்படும். தலைவர்கள் முன் வந்தபின் ஒரு வரியைத் திருத்தக் கேட்டால் சங்கடம்தான் மிஞ்சும். ஆகவே வரைவு ஜகார்த்தாவுக்கு வந்ததும் டிலியில் உரிய அமைச்சகத்துக்குப் போய், கருத்து எழுதப்பட்டு, கூட்ட நாளுக்கு முன் திரும்பியாக வேண்டும். வரைவு ஆங்கிலத்தில் இருக்கும். நாட்டின் ஆட்சிமொழிகளோ தேத்துமும் போர்ச்சுகீசும். சட்டங்கள் பெரும்பாலும் போர்ச்சுகீசில். சுங்கம் பற்றிய ஒரு பத்தியை உள்நாட்டுச் சட்டத்தோடு ஒப்பிடவே மொழிபெயர்ப்பாளர் வேண்டும். ஒரே அதிகாரி மீன்வளத்தையும் சுகாதாரத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஏதோ ஒன்று கோட்டை விடப்படும். 2024 ஆகஸ்டில் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோது செய்த சட்டத் திருத்தங்கள் ஓரளவு கைகொடுக்கும். ஆனாலும் ஆசியானின் சரக்கு வணிக ஒப்பந்தம் முதலான பொருளாதார ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாக நிறைவேற்றும் வேலை அப்படியே இருக்கிறது.

தலைமைப் பதவியும் ஆங்கில அகரவரிசையில் சுற்றி வருவது. தாய்லாந்துக்கு அடுத்த பெயர் திமோர்-லெஸ்டே. அந்த ஓராண்டில் இரண்டு உச்சி மாநாடுகளை நடத்தி, தீர்மான வரைவுகளையும் எழுதி முடிக்க வேண்டியது டிலியின் பொறுப்பு. இதைத்தான் தலையாட்டுதல் என்கிறீர்களா?

பொதுச்செயலாளரை "ஆசியான் தலைவர்" என்று நீங்கள் எழுதிவருவதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதாக இல்லை. நான் கேட்பது நான்கு வரித் திருத்தம் மட்டுமே: நிரந்தரப் பிரதிநிதி வேறு, இருநாட்டுத் தூதர் வேறு, முடிவு கருத்தொற்றுமையால், செலவு சம பங்கு. வாசகர் கடிதப் பகுதியின் கீழே வழக்கமாக வரும் சமையல் குறிப்பைச் சற்றுச் சுருக்கினால் இடம் கிடைக்கும்.

தங்கள் பழைய சந்தாதாரர்,
தஞ்சாவூர்