'சரி சார்' என்றால் சம்மதம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள்

சென்னை மென்பொருள் நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களுக்கு,

வணக்கம். பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் 16 வருடங்களாக வேலை பார்ப்பவன் எழுதுகிறேன். என் குழுவில் இருக்கும் ஒரு தம்பியின் அப்ரைசலில் மூன்றாவது வருடமாக ஒரே வரி வந்திருக்கிறது: 'கூட்டங்களில் பேசுவதில்லை, முன்முயற்சி போதாது.' அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அவர் குடும்பத்தில் முதல் பட்டதாரி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர். வேலைக்குச் சேர்ந்த அன்று, 'லாஸ்ட் நேம்' கட்டத்தை நிரப்பாமல் படிவம் நகரவில்லை. இனிஷியலை விரித்து அப்பாவின் பெயரைப் போட்டார். அன்றிலிருந்து வெளிநாட்டு கிளையன்ட் முதல் பக்கத்து இருக்கைக்காரர் வரை அவரை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அவருடைய அம்மா இன்றுவரை வாய்விட்டுச் சொல்லாத பெயர் அது. எட்டு மாதம் அதற்கு 'யெஸ்' சொல்லிக்கொண்டிருந்தார். ஏன் திருத்தவில்லை என்று கேட்டேன். "பெரியவங்க கூப்பிடுறாங்க, எப்படி சார் திருத்துறது?" என்றார்.

தன் பெயரையே திருத்தாதவர், மேலாளரின் திட்டத்தைத் திருத்துவாரா?

போன வருடம் ஒரு மென்பொருள் மாற்றத்தில் பிழை இருப்பது இரண்டு நாள் முன்பே அவருக்குத் தெரியும். கூட்டத்தில் "எல்லாம் ஓகேதானே?" என்று கேட்டார்கள். "சரி சார்" என்றார். நம் ஊரில் அதற்கு 'நீங்கள் சொன்னது காதில் விழுந்தது' என்றுதான் பொருள். 'பார்க்கலாம்' என்றால் பெரும்பாலும் 'முடியாது'. இது வீட்டிலும் பள்ளியிலும் பழகிய மரியாதை. இதைப் பயம் என்றோ அக்கறையின்மை என்றோ எழுதுவது அநியாயம். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தும் கேட்காமல் விட்டது என் தவறு.

'எங்கள் ஆட்கள் இப்படித்தான்' என்று கலாசாரத்தின் மேல் போட்டுவிடுவதையும் நான் ஏற்கவில்லை. பயிற்சி வகுப்புகளில் ஹாஃப்ஸ்டெட் என்ற ஆய்வாளரின் 'அதிகார இடைவெளி' மதிப்பெண்களை, அதாவது மேல் கீழ் என்ற ஏற்றத்தாழ்வை ஒரு நாட்டு மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்ற அளவைக் காட்டுகிறீர்கள்: இந்தியா 77, நெதர்லாந்து 38. முகத்துக்கு நேரே பேசுவதற்குப் பேர்போனவர்கள் நெதர்லாந்தின் டச்சுக்காரர்கள். ஆனால் 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில், மூடுபனிக்குள் டச்சு விமானம் ஒன்று புறப்பட ஓடத் தொடங்கியபோது, ஓடுபாதையில் இன்னொரு விமானம் இருக்கிறதோ என்ற சந்தேகம் அதன் விமானப் பொறியாளருக்கு வந்தது. கேட்டார். நிறுவனத்தின் மிக மூத்த விமானிகளில் ஒருவரான கேப்டன் அழுத்தமாக மறுத்தார். பொறியாளர் அப்புறம் பேசவில்லை. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள்.

மூடுபனி, வானொலிக் குழப்பம் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பதவி எந்த நாட்டுக்காரர் வாயையும் அடைக்கும் என்பதை விமானத்துறை இதுபோன்ற விபத்துகளில் கற்றது. 1979இல் நாசா நடத்திய பட்டறையிலிருந்து விமானிக் குழுக்களுக்கான பயிற்சி முறை ஒன்று வளர்ந்தது. இளையவர் சந்தேகத்தை எப்படித் திரும்பச் சொல்வது என்று அதில் கற்றுத்தருகிறார்கள். கேப்டன் எப்படிக் கேட்பது, எப்படிக் காது கொடுப்பது என்பதும் அதில் பாடம். நாமோ இளையவரை மட்டும் 'கம்யூனிகேஷன்' வகுப்புக்கு அனுப்புகிறோம்.

பெண்கள் நிலை இன்னும் சிக்கல். பேசாவிட்டால் 'தன்னம்பிக்கை இல்லை', பேசினால் 'வாயாடி'. இரண்டையும் ஒரே மேலாளர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கூட்டத்துக்கு முந்தின நாளே கேள்விகளை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் வாக்கியம் தேடுவதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது. "ஓகேவா?" என்பதற்குப் பதில் "இதில் எது சொதப்பும்?" என்று, புதிதாக வந்தவரிடம் முதலில் கேட்கச் சொல்லுங்கள். பதில் தமிழில் வந்தால் தமிழிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் இப்படித் தொடங்கி நான்கு மாதம் ஆகிறது. போன வாரம் அந்தத் தம்பி என் கணக்கில் இருந்த ஒரு தவறை எல்லோர் முன்னாலும் சொன்னார்.

அவருடைய அப்ரைசல் படிவம் இன்னும் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் அவரை ஒருமுறை கூப்பிட்டுப் பேசுங்கள். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
ஒரு குழுத் தலைவர்