ஆலயத்துக்கு எதிரே 150 கோடி டாலர்

சால்ட் லேக் சிட்டி,
ஞாயிறு மாலை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று நீ அடம்பிடிப்பதாகத் தங்கை அடியில் இரண்டு வரி சேர்த்து எழுதியிருக்கிறாள். நான் அவள் பக்கம். இங்கே பேரன் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டான். மகளும் மருமகனும் வேலைக்குக் கிளம்பிய பிறகு டிராம் ஏறி நகருக்குள் போவதுதான் எனக்குப் பொழுதுபோக்கு.

நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். பெரிய தெருவை ஒட்டிய உங்கள் திருச்சபை நிலத்தில் வணிக வளாகம் கட்டுவதா என்று, சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டி இரண்டாகப் பிரிந்து நிற்பதாக எழுதியிருக்கிறாய். "ஆலயத்துக்குக் கடை வியாபாரம் எதற்கு" என்பவர்கள் ஒரு பக்கம். "பஜாரே படுத்துவிட்டது, நாம் எழுப்பாமல் யார் எழுப்புவார்கள்" என்பவர்கள் மறுபக்கம். அதையே மலையளவுக்குச் செய்து, தன் ஆலயத்துக்கு எதிரே சிட்டி க்ரீக் சென்டர் என்ற வணிக வளாகத்தைக் கட்டி முடித்த ஒரு சபையின் ஊரில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். வங்கியில் கடன் கோப்புகளைப் புரட்டியே தலை நரைத்தவன் என்பதால் கட்டடத்தை விடக் கணக்கைத்தான் அதிகம் பார்த்தேன். அதையும் மனதில் வைத்துக்கொண்டு படி.

இந்த ஊரே ஒரு சபை போட்ட கோடு. 1847 ஜூலையில் பிரிகாம் யங் தலைமையில் மார்மன்கள் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. முதலில் ஆலயத்துக்கு இடம் குறித்தார்கள், பிறகு அதிலிருந்து நான்கு திசையிலும் தெருக்களை அளந்தார்கள். இன்றைக்கும் வீட்டு முகவரிகள் ஆலய வளாகத்திலிருந்துதான் எண்ணப்படுகின்றன. ஒவ்வொரு கட்டமும் 10 ஏக்கர், தெருவின் அகலம் 132 அடி. ஒரு சிக்னலைக் கடப்பதற்குள் நம் வயதுக்காரர்களுக்கு மூச்சு வாங்கிவிடும்.

கடை வைப்பதும் இவர்களுக்குப் புதிதல்ல. ரயில் வந்தால் வெளி வணிகர்கள் ஊரை விழுங்கிவிடுவார்கள் என்ற அச்சத்தில், ரயில் வருவதற்கு முன்பே, 1868இல், பிரிகாம் யங்கே ஒரு கூட்டுறவுப் பேரங்காடியைத் தொடங்கினார். இசட்.சி.எம்.ஐ. என்று பெயர். அதில் சேர்ந்த கடைகளின் பெயர்ப்பலகையில் 'கர்த்தருக்குப் பரிசுத்தம்' என்று எழுதி மாட்டினார்கள். பைபிளில் தலைமை ஆசாரியன் ஆரோனின் தலைப்பாகையில் இருந்த வாசகம் அரிசி பருப்புக் கடையின் நெற்றியில்! உன் கமிட்டியின் இரண்டு கட்சிக்காரர்களிடமும் இதைச் சொல்லிப் பார், என்ன சொல்கிறார்கள் என்று எனக்கு எழுது.

இந்த நகரின் கடைத்தெருவான மெயின் ஸ்ட்ரீட் நலிந்த கதை அமெரிக்காவில் எல்லா ஊரிலும் கேட்கும் கதைதான். மக்கள் காரோடு புறநகருக்குப் போனார்கள், கடைகளும் பின்னால் போயின. அதைத் தடுக்க ஆலயத்துக்குத் தெற்கே, தெருவின் இரு பக்கமும் இரண்டு மூடிய மால்களைக் கட்டினார்கள். ஒன்று 1975இல், மற்றது 1980இல். கூட்டம் தெருவை விட்டு உள்ளே போய்விட்டது, பிறகு உள்ளேயும் குறைந்தது. 1999இல் இசட்.சி.எம்.ஐ. கடைகளையே சபை ஒரு பெரிய அங்காடி நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. 2001இல் மேற்கே பழைய ரயில் நிலத்தில் கேட்வே என்ற புதிய வளாகம், நகராட்சி உதவியோடு, குளிர்கால ஒலிம்பிக்குக்குச் சற்று முன்பு திறந்தது. மெயின் ஸ்ட்ரீட்டில் மிஞ்சியிருந்த பெரிய கடைகளும் அங்கே பெயரப் பார்த்தன. நார்ட்ஸ்ட்ராம் என்ற பேரங்காடி போகப்போகிறேன் என்று வெளிப்படையாகவே சொன்னது.

அந்த நேரத்தில்தான் சபை இறங்கியது. தெருவின் ஒரு பக்கத்து மால் ஏற்கெனவே சபையுடையது; 2003இல் மறுபக்கத்து மால் கட்டடத்தையும் வாங்கி, இரண்டு கட்டங்களையும் தன் கைக்குள் கொண்டுவந்தது. அப்போதைய தலைவர் கார்டன் ஹிங்க்லி காரணத்தை மறைக்கவில்லை. ஆலயத்தைச் சுற்றியுள்ள இடம் சீரழிய விட முடியாது என்று அந்த ஆண்டு சபையின் ஏப்ரல் மாநாட்டிலேயே சொன்னார். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்றுதான். நார்ட்ஸ்ட்ராம் போய்விடலாம், வங்கி போய்விடலாம், வக்கீல் ஆபீஸ் போய்விடலாம். கருங்கல்லில் 40 ஆண்டு கட்டிய ஆலயம் எங்கே போகும்? ஓட முடியாதவன்தான் கடைசியில் ஊரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உன் சபைக்கும் இது பொருந்தும். எழுப்ப வேண்டும் என்பவர்களின் வாதத்தில் எனக்கு வலுவாகத் தெரிவது இந்த ஒன்றுதான்.

2006இல் முழுத் திட்டத்தையும் அறிவித்துப் பழைய மால்களை இடித்தார்கள். 2008இல் பொருளாதாரம் சரிந்தது. நாடெங்கும் கட்டடங்கள் கம்பி நீட்டிக்கொண்டு பாதியில் நின்றபோது இங்கே மட்டும் வேலை நிற்கவில்லை. காரணம் எளிது: கடன் வாங்கவில்லை, கைப்பணம். பாதியில் நின்ற வளாகங்களின் வட்டிக் கணக்கை எத்தனையோ முறை எழுதிய கை இது; கடன் இல்லாமல் கட்டுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். 2012 மார்ச் 22 அன்று சிட்டி க்ரீக் சென்டர் திறந்தது. செலவு சுமார் 150 கோடி டாலர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அடுத்த தலைவரான தாமஸ் மான்சன் ரிப்பனை வெட்டும்போது, "ஒன்று, இரண்டு, மூன்று, வாங்க ஷாப்பிங் போகலாம்!" என்றாராம். அந்த ஒரு வரியைச் சபையின் விமர்சகர்கள் இன்றுவரை விட்டபாடில்லை.

அழகாகத்தான் இருக்கிறது. கண்ணாடிக் கூரை வெயில் நாட்களில் இரண்டாகப் பிரிந்து திறந்துகொள்கிறது. முதல் குடியேறிகள் வயலுக்குத் திருப்பிவிட்ட ஓடையின் பெயரில், உள்ளே ஒரு செயற்கை ஓடை. அதில் டிரவுட் மீன்கள் நீந்துகின்றன. பழைய இசட்.சி.எம்.ஐ. கடையின் 1876ஆம் ஆண்டு வார்ப்பிரும்பு முகப்பைக் கழற்றிப் பழுதுபார்த்துத் திரும்பவும் பொருத்தியிருக்கிறார்கள். மேலே குடியிருப்புகள், கீழே நிலத்தடியில் கார் நிறுத்தம், பக்கத்தில் மளிகைக்கடை, வாசலில் டிராம். மதுவைத் தொடாத சபை கட்டிய வளாகத்தில் மது பரிமாறும் உணவகமும் உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறக்காது. வாரத்தின் பெரிய வியாபார நாட்களில் ஒன்றை விட்டுக்கொடுக்கும் மால் முதலாளியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை, அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு கும்பிடு.

நகரம் பிழைத்ததா? மெயின் ஸ்ட்ரீட்டில் மாலையில் மனிதர்கள் நடக்கிறார்கள், அதைக் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் ஆப்பிள் முதலான பெரிய கடைகள் கேட்வேயிலிருந்து கிளம்பி இங்கே வந்தன. கேட்வே காலியாகி, 2016இல் கைமாறி, இப்போது கேளிக்கை இடமாக வேறு வேடம் போட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு தெருவை எழுப்பியதில் இன்னொன்று படுத்தது. வளாகமும் கொஞ்சம் உள்முகமாகவே கட்டப்பட்டிருக்கிறது. தெருவுக்கு மேலே நடைபாலம் வேண்டாம் என்பது நகரத் திட்டத்தின் கொள்கை. சபைக்காக நகர மன்றம் அதைத் தளர்த்தியது. பாலம் அழகானது, மறுக்கவில்லை. ஆனால் அதில் நடப்பவன் கீழே தெருவில் இல்லையே.

தெரு என்றதும் ஒரு பழைய வழக்கையும் சொல்லியாக வேண்டும். 1999இல் ஆலயத்துக்கு அருகே மெயின் ஸ்ட்ரீட்டின் ஒரு துண்டையே நகராட்சி 81 லட்சம் டாலருக்குச் சபைக்கு விற்றது. சபை அதில் பூச்செடியும் நீர்த்தொட்டியும் வைத்து நல்ல முற்றமாக மாற்றியது. பொதுமக்கள் நடக்கும் உரிமையை நகராட்சி தன்னிடம் வைத்துக்கொண்டது, ஆனால் புகைபிடிக்கக் கூடாது, துண்டுப் பிரசுரம் கொடுக்கக் கூடாது, கோஷம் போடக் கூடாது என்று சபை விதித்தது. நடைபாதை உரிமை பொதுவென்றால் பேச்சுரிமையும் பொதுதான் என்று சிவில் உரிமை அமைப்பு வழக்குப் போட, 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டது. ஊர் இரண்டுபட்டது. மார்மன்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம். கடைசியில் 2003இல் நகராட்சி அந்த நடைபாதை உரிமையையும் விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு மேற்குப் பக்கத்து எளிய மக்கள் பகுதியில் ஒரு சமூகக் கூடத்துக்கு நிலமும் நிதியும் கிடைத்தன. அந்த முற்றத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், யாரும் எழுப்பிவிடவில்லை. ஆனாலும் அது இப்போது தெரு அல்ல, ஒருவருடைய வீட்டு முற்றம்.

இனி பணம். 2003 மாநாட்டிலேயே ஹிங்க்லி தெளிவாகச் சொல்லியிருந்தார்: நிலம் வாங்கவோ வணிகத்துக்காக அதை மேம்படுத்தவோ தசமபாகப் பணம், அதாவது உறுப்பினர்கள் வருமானத்தில் பத்தில் ஒரு பங்காகக் கொடுக்கும் காணிக்கை, பயன்படுத்தப்படவில்லை, பயன்படுத்தப்படாது. சபையின் வணிக நிறுவனங்களின் பணமும், சேமிப்பு நிதியை முதலீடு செய்து வந்த வருமானமும்தான் இதற்கு. சரி, அந்தச் சேமிப்பு நிதி எதிலிருந்து வந்தது? ஆண்டுதோறும் தசமபாகத்தில் மிச்சம் பிடித்ததிலிருந்து. அசலைத் தொடவில்லை, வட்டியில்தான் கட்டினோம் என்பது அவர்கள் வாதம். வட்டியும் காணிக்கையின் பிள்ளைதானே என்பது எதிர்வாதம்.

2019இல் சபையின் முதலீட்டு நிறுவனத்தில் வேலைபார்த்த ஒருவர், அங்கே சுமார் 10,000 கோடி டாலர் சேர்ந்திருக்கிறது, அதிலிருந்து இந்த வளாகத்துக்கும் பணம் போயிருக்கிறது என்று வருமான வரித் துறைக்குப் புகார் எழுதினார். ஜேம்ஸ் ஹன்ட்ஸ்மன் என்ற முன்னாள் உறுப்பினர் தன் தசமபாகத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குத் தொடுத்தார். ஒரு நீதிமன்றம் தள்ளியது, அடுத்தது உயிர்கொடுத்தது, கடைசியில் 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரிய அமர்வு சபையின் பக்கம் தீர்ப்பளித்தது. ஹிங்க்லி பணத்தின் மூலத்தைச் சொல்லித்தானே இருக்கிறார், பொய் எங்கே என்பது சாரம். நானும் அப்படித்தான் தீர்ப்பு எழுதியிருப்பேன். ஆனால் இதற்கு நடுவே 2023இல், முதலீடுகளின் அளவை வெளியே தெரியாமல் பல நிறுவனப் பெயர்களில் பிரித்துக் காட்டியதற்காகப் பங்குச்சந்தை ஆணையம் சபைக்கும் அதன் முதலீட்டு நிறுவனத்துக்கும் சேர்த்து 50 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. 1950களின் இறுதிக்குப் பிறகு இந்தச் சபை தன் வரவுசெலவை விரிவாக உறுப்பினர்களுக்கு வெளியிட்டதே இல்லை. வாரா வாரம் பத்தில் ஒன்று கொடுப்பவன் கணக்குப் பார்க்க வழியில்லை என்றால், எவ்வளவு நேர்மையாகக் கட்டிய கட்டடத்தின் மேலும் சந்தேகம் படியத்தான் செய்யும். எனக்கு வளாகத்தின் மேல் கோபமில்லை. இந்த மௌனத்தின் மேல்தான்.

ஆகவே நீ என் கருத்தைக் கேட்டால், கட்டுங்கள் என்பேன். காணிக்கைப் பணம் ஒரு ரூபாய் போனாலும் அதை வெளிப்படையாக எழுதிச் சபை கூடும்போது வாசியுங்கள். 'இது வட்டி, அது அசல்' என்ற விளையாட்டு வேண்டவே வேண்டாம். வாடகையில் எத்தனை பங்கு எதற்குப் போகும் என்பதையும் முதல் கல் வைப்பதற்கு முன்பே தீர்மானமாக எழுதிவிடுங்கள். பெரிய தெருப் பக்கம் சுவர் எழுப்பாமல் கடை வாசல்கள் எல்லாம் தெருவைப் பார்த்தே இருக்கட்டும்.

ஒரு விஷயத்தை நீ எழுதவே இல்லை. காம்பவுண்டுச் சுவரை ஒட்டிச் சபைக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருக்கும் தையல்காரரும் சைக்கிள் கடைக்காரரும், அந்த வாட்ச் ரிப்பேர் கடைப் பெரியவரும் இடிக்கும்போது எங்கே போவார்கள்? திரும்பி வரும்போது பழைய வாடகைக்குப் பக்கத்திலாவது இடம் உண்டா? கமிட்டியில் இதை யார் பேசினார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுது. வரைபடத்தின் நகல் கிடைத்தால் போனில் படமெடுத்து அனுப்பு, கடன் கேட்டு எந்த வங்கிக்காவது போயிருந்தால் அந்த விண்ணப்பத்தையும் சேர்த்து அனுப்பு. நிதானமாகப் படித்துப் பார்க்கிறேன்.

என்றும் உன்,
பழைய அறைத்தோழன்