ஏன் இன்னும் பேப்பர் வாங்குகிறேன்?

அன்புள்ள மகளுக்கு,

போன கிழமை கதைத்தபோது, "எல்லாச் செய்தியும் போனிலேயே வருது, இன்னும் ஏன் அப்பா பேப்பர் வாங்குறீங்கள்?" என்று கேட்டாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

நான் சின்னப் பெடியனாக இருந்தபோது வீரகேசரியும் தினகரனும் கொழும்பில் அச்சாகி மெயில் ரயிலில்தான் யாழ்ப்பாணம் வரும். நாட்டு நடப்புக்கு அது போதும். ஆனால் செத்தவீட்டுக்கு? இங்கே இன்று ஒருவர் இறந்தால் நாளையோ மறுநாளோ கிரியை. அறிவித்தல் கொழும்புக்குப் போய் அச்சாகித் திரும்புவதற்குள் காடாத்தும் முடிந்துவிடும். 1959இல் தொடங்கிய ஈழநாடு நாளிதழான பிறகுதான் ஊர்ச் செய்தி ஊரிலேயே அச்சாகிக் கைக்கு வந்தது. உன் அப்பப்பா வாசிகசாலை வாங்கில் இருந்து முதலில் மரண அறிவித்தல் பக்கத்தைத்தான் விரிப்பார். ஆசிரியர் கே. பி. ஹரனின் தலையங்கம் எல்லாம் அப்புறம்தான்.

1981 ஜூன் தொடக்கத்தில் யாழ். நூலகமும் அதன் 97,000 புத்தகங்களும் எரிந்தது உனக்குத் தெரியும். அந்த நாட்களில் ஈழநாடு அலுவலகத்தையும் எரித்தார்கள் என்பது உன் வயதுக்காரர் பலருக்குத் தெரியாது. எனக்கு அதுவும் அதே அளவு வலி. எரிந்த பிறகும் அது எழும்பி வந்தது.

1985இல் உதயன் பேப்பர் தொடங்கியது. நீ பிறந்த காலத்தில் பொருளாதாரத் தடை. கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, அச்சடிக்கத் தாளும் இல்லை. பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் பேப்பர் வந்தது. அதில் ஒன்றில்தான் அம்மா உன் சாதகக் குறிப்பைச் சுற்றி வைத்தா. 1995 இடம்பெயர்வில் வீட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினோம், சாதகம் மட்டும் அம்மாவின் கைப்பையில் வந்தது. நேற்று எடுத்துப் பார்த்தேன். நீலக் கோடுகளுக்கு மேலே கறுப்பு எழுத்து, மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்துகள் உதிர்ந்துவிட்டன. ஜாம் போத்தல் விளக்கைக் கிட்ட வைத்து அந்தக் கோடுகளுக்கு நடுவே செய்தி தேடி வாசித்தது அப்படியே ஞாபகம் வந்தது.

2006 மே 2 இரவு உதயன் அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டு ஊழியர் இருவரைக் கொன்றார்கள். அடுத்த நாளும் பேப்பர் வந்தது. நான் சந்தியில் நின்று வாங்கினேன். வாங்கிய எல்லோரும் அன்று ஒன்றும் பேசாமல் காசைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து ஒருநாளும் பேப்பர் வாங்குவதை நிறுத்த மனம் வரவில்லை, பிள்ளை.

உன்னிடம் ஒரு உதவி. அப்பப்பாவின் மரண அறிவித்தல் 1974 ஆவணியில் ஈழநாட்டில் வந்தது. நான் வெட்டி வைத்திருந்தது அந்த இடம்பெயர்வில் ட்ரங்குப் பெட்டியோடு போய்விட்டது. 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் பழைய ஈழநாடு இதழ்களை ஏற்றியிருக்கிறார்கள். நேரம் கிடைக்கும்போது அந்த மாதத்தைத் தேடிப் பார். கிடைத்தால் பெரிதாக அச்செடுத்து அனுப்பு, போனில் எழுத்து எனக்குத் தெரியாது.

அன்புடன்,
அப்பா