கழிக்குப் பதிலா ஒரு பள்ளம்

ரேவதி,

எப்டிடி இருக்க, முட்டி வலி தேவலாமா? இங்க மழ விட்டு இப்பதான் தெரு காயுது. அம்மா உன்ன கேட்டுகிட்டே இருக்காங்க.

போன தடவ கேட்டல்ல, உப்பங்கழி ஓரத்த மண்ணு கொட்டி மேடாக்குறவங்க பதிலுக்கு வேற எடத்துல ஈரநிலம் பண்ணித் தரேங்குறாங்களே அதுல என்ன தப்புன்னு. அந்த எடத்த நேர்லயே போய் பாத்துட்டு வந்தேன். ஒரு பள்ளம் தோண்டி சுத்தி கன்னு நட்ருக்காங்க, அவ்ளோதான், கடல் ஏறி எறங்குற ஓதத்தண்ணி உள்ள வரவும் வழியில்ல வெளிய போகவும் வழியில்ல. எனக்கு அழுகையே வந்துருச்சு.

ஏன்னா பிச்சாவரத்துல நடந்தது நமக்குத் தெரியும்ல. அந்தக் காலத்துல அங்க அலையாத்திக் காட்ட மொத்தமா வெட்டுனதுல நெலம் வெயில்ல காஞ்சு நடுவுல அமுங்கி தொட்டி மாதிரி ஆயிருச்சு, ஓதத்துல வந்த தண்ணி திரும்பிப் போகாம அங்கயே வத்தி வத்தி உப்பு ஏறிப்போச்சு, மரம் தானா மொளைக்கவே இல்ல. 1990கள்ல சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரங்களும் சேந்து என்ன பண்ணாங்கன்னா மொதல்ல வாய்க்கால் வெட்டுனாங்க, நடுவுல ஒண்ணு பெருசா, ரெண்டு பக்கமும் சாய்வா சின்னச் சின்னதா, மீன் முள்ளு மாதிரி. ஓதம் ஏறி எறங்க ஆரம்பிச்சு உப்பு கொறஞ்ச பெறகுதான் கன்னு தங்குச்சு. தண்ணிக்கு வழி விடாம எத்தன ஆயிரம் கன்னு நட்டாலும் வீண்தான்.

அமெரிக்காவுல 1989-லயே ஈரநிலம் மொத்தத்துல கொறையக்கூடாதுன்னு கொள்க வச்சாங்க, 2001-ல அவங்க தேசிய ஆராய்ச்சி கவுன்சிலே அந்த இலக்கு நெறவேறலன்னு அறிக்க குடுத்துச்சு. அப்புறம் 2008-ல போட்ட விதில, பதிலுக்கு பண்ணுன எடத்த கொறஞ்சது 5 வருஷம் கண்காணிக்கணும்னு சேத்தாங்க. இங்க கன்னு நட்டு போட்டோ எடுத்த அன்னைக்கே வேல முடிஞ்சுது.

அப்புறம் இன்னொன்னு, அந்தப் பள்ளம் எவ்ளோ நல்லா வந்தாலும் இங்க கைல எறா தடவுற பொம்பளைங்க தெனம் அவ்ளோ தூரம் போவாங்களா சொல்லு. அவங்க பேச்ச யாருமே கேக்கல.

வர்ற திங்கக்கிழம கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கப் போறோம், நாப்பது பேர் வரோம்னு சொல்லிருக்காங்க. மொதல்ல அங்க ஓதம் ஏறி எறங்கட்டும், மீனு நண்டு வந்து சேரட்டும், அதுவரைக்கும் இங்க ஒரு லோடு மண்ணு கூட விழக்கூடாதுன்னு எழுதிருக்கோம். நாம பத்தாவது படிக்கறப்ப கழில நண்டு புடிச்சுகிட்டு நின்ன போட்டோ உங்கிட்டதான இருக்கு, பின்னாடி மரமெல்லாம் தெரியுமே, அத தேடி ஞாயித்துக்கிழமைக்குள்ள அனுப்புடி. மனுவோட வைக்கணும்.

உன் சுமதி