ரேஷன் கார்டு கவருக்குள் ஒரு சீட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் பெண்கள் வரவே தயங்குகிறார்கள் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். சரி, வந்தவர்கள் கதையையும் கொஞ்சம் கேளுங்கள்.

என் மதினிக்கு 42 வயது. ஊரில் முகாம் போட்டபோது நான்தான் கூட்டிப்போனேன். வினிகர் மாதிரி ஒன்றைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெள்ளையாகத் தெரிகிறது என்று சீட்டில் 'பாசிட்டிவ்' என எழுதி, பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். அவ்வளவுதான். மதினி அதை நாலாக மடித்து ரேஷன் கார்டு கவருக்குள் வைத்துவிட்டார். ஐந்து மாதம் கழித்து கார்டைத் தேடும்போதுதான் என் கையில் கிடைத்தது. பாசிட்டிவ் என்றால் புற்றுநோய்தான், போனால் கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள், அண்ணன் கடன் வாங்க அலைவார் என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். முகாமில் போன் நம்பர் எல்லாம் நோட்டில் எழுதினார்களே, ஏம்மா வரவில்லை என்று ஒரு போன் கிடையாது.

அப்புறம் இரண்டு பஸ் மாறிப் போனோம். கர்ப்பப்பை வாயைக் கருவியால் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பி அன்றைக்கு இல்லை, வியாழக்கிழமை வரச் சொன்னார்கள், இன்னொரு நாள் கூலி போனது. வியாழக்கிழமை அதைப் பார்த்து, துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் இல்லை, சிஐஎன் 2, அதாவது விட்டால் பின்னால் புற்றுநோயாக மாற வாய்ப்புள்ள செல் மாற்றம். மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய கம்பி வளையத்தால் அந்த இடத்தை மட்டும் எடுத்தார்கள். சாயங்காலமே முறுக்கு வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம். இதற்கா ஐந்து மாதம் பயந்தோம் என்று மதினிக்கே கோபம்.

இத்தனைக்கும் வழி தெரியாத ஊரா நம்முடையது? திண்டுக்கல் மாவட்டத்தில் இதே பரிசோதனையை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2007இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. வெள்ளையாகத் தெரிந்த பெண்களுக்கு அங்கேயே கால்போஸ்கோப்பி பார்த்து, முடிந்தவர்களுக்கு அதே வருகையில் நர்ஸ்களே அந்த இடத்தை உறைய வைத்து அழிக்கும் சிகிச்சையும் கொடுத்தார்கள். அந்தப் பகுதிகளில் இந்த நோயால் சாவு 35 சதவீதம் குறைந்தது. நாம் அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு சீட்டு எழுதிக் கொடுக்கிறோம்.

எல்லா ஊரிலும் கருவி வைக்க முடியாது, புரிகிறது. 'இது புற்றுநோய் என்று அர்த்தமில்லை, இந்தக் கிழமை வாருங்கள்' என்று சீட்டில் தமிழில் இரண்டு வரி எழுதலாமே? வராதவர்களுக்கு ஒரு போன் போடலாமே?

அன்று எங்களோடு வரிசையில் நின்ற இன்னும் இரண்டு பேருக்கும் இதே சீட்டுதான். ஒருவரை நானே கூட்டிப்போனேன். இன்னொருவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாராம், நம்பரும் மாறிவிட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகி